மலைப் பாதையில் நீ விட்ட கற்கள்

என் அன்புத் தம்பி செல்லமுத்துவுக்கு,

ஒரு கல்யாணப் பந்தியில் என் எதிர் இலையில் உட்கார்ந்துகொண்டு என்னை ஒரு கேள்வி கேட்டாய். அத்தனை சொந்தமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஏனுங்ண்ணா, செவுத்துல தொங்கற இமயமலையை முப்பது வருசமாக் குச்சில குத்திக் காட்டறீங்களே, ஒரு நாளாச்சும் அதுல காலு வெச்சிருக்கீங்களா?"

பந்தியே சிரித்தது. ரசம் ஊற்ற வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பூகோள வாத்தியாரை அதைவிடக் கூர்மையாக யாரும் குத்த முடியாது. உனக்கு அது தெரியும். தெரிந்துதான் கேட்டாய்.

நினைவு நாளில் எழுதும் கடிதத்தில் இறந்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன், முத்து. இதை அச்சில் போடவும் கொடுக்கிறேன். கூட இருந்து படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நீ பொறுத்துக்கொள்ளவே வேண்டாம்.

உன்னை அறியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கிழக்குப் பாலக்காட்டில் அப்பா விட்டுப்போன நிலத்தை என் தலையில் கட்டிவிட்டு நீ உடும்பஞ்சோலைக்குப் போனாய். ராணுவம் கழித்துக்கட்டிய பழைய ஜீப் ஒன்றை வாங்கி, ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றினாய். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்து பிள்ளைகளுக்கு மலைகளைக் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஒரு காலையில், மூடுபனி விலகாத நேரத்தில், நீ மலை ஏறி வந்துகொண்டிருந்தாய். ஜீப் பட்டறையில் இருந்ததால் இரவல் மோட்டார் சைக்கிள். ஜீப்காரர்கள் எல்லோரும் நிறுத்தி ரேடியேட்டருக்கு ஊற்று நீர் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு. தண்ணி வளைவு என்பீர்கள். அந்த வளைவில் நடு ரோட்டில் ஒரு கல் கிடந்தது. உன் முன் சக்கரம் அதில் ஏறியது. அவ்வளவுதான்.

அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்பது அன்று மத்தியானத்துக்குள் தெரிந்துவிட்டது. உனக்குக் கால் மணி நேரம் முன்னால் மரியதாஸ் என்ற தோட்டத்து ஜீப் டிரைவர், ஏலக்காய் பறிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு போனவன், அங்கே நிறுத்தியிருக்கிறான். வண்டி பின்னால் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கல் வைத்திருக்கிறான். தண்ணீர் ஊற்றியிருக்கிறான். கிளம்பிப் போய்விட்டான். விசாரணையில் அவன் சொன்னது ஒரே வரி: "கல்லு வெச்சேன். எடுத்தேனா இல்லியான்னு ஞாபகம் இல்ல."

அந்த வரியை நான் விடவில்லை, முத்து. கேஸ் நிற்கவில்லை, ஆனால் அவன் லைசென்ஸ் போயிற்று. திரும்பக் கேட்டு அவன் விண்ணப்பித்த ஒவ்வொரு தடவையும் கொடுக்கக் கூடாது என்று நான் பராதி, அதாவது புகார், எழுதினேன். மலையாளத்தில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று. வாத்தியார் கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. "வைத்த கல்லை எடுக்காமல் போகிறவன் சாலையில் கண்ணி வைப்பவனுக்குச் சமம்" என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. மூன்று தடவையும் அவன் விண்ணப்பம் திரும்பி வந்தது. வண்டி ஓட்டிய கையால் ஏலக்காய் ஸ்டோரில் மூட்டை தூக்குகிறான் என்று கேள்விப்பட்டேன். தூக்கட்டும் என்று நினைத்தேன்.

எமர்ஜென்சியை எடுத்த அந்த மார்ச்சில் நான் ஓய்வு பெற்றேன். உன் ஜீப் நம் களத்தில் சும்மா நின்றது. என் மண்டையில் உன் கேள்வி நின்றது. ஜூனில் கிளம்பிவிட்டேன். தனியாக.

"இந்த வயசுல எதுக்குங் மாமா இந்த வேல?" என்று உன் ராசாமணி கேட்டாள். உன் பொண்டாட்டிக்கு நான் என்ன பதில் சொல்வேன்? "சுவத்து மேப்பு பழசாப்போச்சு, நேர்ல சரிபாக்கப் போறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போன வழியெல்லாம் எனக்கு விரோதமாகவே இருந்தது. நாக்பூர் வெயில் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. டெல்லி தாண்டி ஒரு மெக்கானிக் ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, வண்டியைக் காட்டிலும் என்னைத்தான் பரிதாபமாகப் பார்த்தான். கைப்பிரேக் பிடிக்கவில்லை என்று சைகையில் சொன்னேன். அவன் தோளைக் குலுக்கினான். உன் காலத்திலேயே அது பிடிக்காது. அதைச் சரிசெய்ய வேண்டும் என்று உனக்கு ஒரு நாளும் தோன்றவில்லையே, ஏன்?

இருபதாம் நாள் மணாலி தாண்டி ரோத்தாங் கணவாய்க்கு ஏறினேன். பதின்மூவாயிரம் அடி. காற்று மெலிந்துபோய், ஜீப்பும் நானும் ஒன்றுபோல மூச்சு வாங்கினோம். உச்சிக்குக் கீழே கடைசி வளைவில் ரேடியேட்டர் கொதித்தது. நிறுத்தினேன். இறங்கினேன். கையெட்டும் தூரத்தில் கிடந்த கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு வைத்தேன்.

அப்புறம் நிமிர்ந்து பார்த்தேன், முத்து. கீழே வந்த வழியெல்லாம் பச்சை. புல், தேவதாரு, அருவிகள் வெள்ளை நூல்களாக. எதிரே பனி மலைகள், வெயிலில் கண் கூசியது. ஒரு மேய்ப்பன் ஆட்டு மந்தையை எனக்கு மேலே உள்ள சரிவில் ஓட்டிப் போனான். தொலைவில் பார்க்கக் கொட்டிய அரிசி நகர்வதுபோல் இருந்தது. அரை மணி நேரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் படித்த அத்தனை பிள்ளைகளையும் அங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும்போல் இருந்தது.

என்ஜின் ஆறியதும் கிளம்பினேன். நீ சொல்லிக்கொடுத்தபடியே. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்ஸிலேட்டரை மிதித்து, முன்னால் பாய்ந்து, நிற்காமல் உச்சிக்கு. கைப்பிரேக் இல்லாத வண்டியில் தனியாக இருப்பவன் ஏற்றத்தில் கிளம்பிவிட்டால் கல்லை எடுக்க இறங்க முடியாது. இறங்கினால் வண்டி பின்னால் போய்விடும். அதனால் கல் கிடக்கும். அதைப் பற்றி ஒரு நினைப்பும் எனக்கு வரவில்லை. சட்டையில் ஒட்டிய தூசி அளவுக்குக் கூட வரவில்லை.

உச்சியில் இறங்கிக் காலை ஊன்றி நின்றேன். அந்தப் பக்கம் ஒரு புல் கூட இல்லை. மொட்டை மலை, காய்ந்த மண். மழை மறைவுப் பகுதியை விளக்க வகுப்பில் பெஞ்சின் மேல் ஒரு சாக்கைக் கூடாரம்போல் நிறுத்தி, ஒரு பக்கம் தண்ணீர் தெளித்து, மறு பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள் என்பேனே, அதேதான். காய்ந்த பக்கம். "வெச்சுட்டேன்டா காலு" என்று வாய்விட்டுச் சொன்னேன். உன்னை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு கூடாரத்தில் டீ விற்றார்கள். கிளாஸைக் கையில் வாங்கியபோது ஒரு லாரி உறுமிக்கொண்டு வந்து ஜீப்பை ஒட்டி நின்றது. மண்ணெண்ணெய் பீப்பாய்கள் ஏற்றிய லாரி. தலைப்பாகை கட்டிய, தாடி நரைத்த ஒருவர் இறங்கினார். இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஜீப்பின் பானெட் மேல் அதைத் தொம்மென்று போட்டார். தகரம் குழிந்தது.

"யே பத்தர் தேரா ஹை?"

இந்தக் கல் உன்னுடையதா என்கிறார். அந்த அளவு ஹிந்தி எனக்குப் புரிந்தது. மேற்கொண்டு அவர் கத்தியது புரியவில்லை. கூடாரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ரோடு வேலை மெக்கானிக் ஒருவன் எழுந்து வந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, நம் பக்கத்து ஆள். ஒற்றப்பாலத்துக்காரனாம்.

"சாரே, சார் வெச்ச கல்லாணோ இது?"

"ஆமா, நான்தான் வெச்சேன். ஏன், அவருக்கு வேணுமா?"

நிஜமாகவே அப்படித்தான் கேட்டேன், முத்து. அவன் என்னையே பார்த்தான்.

"இது ஞான் அயாளோடு பறயில்லா. பறஞ்ஞால் அயாள் சாரினெ தாழெ எறியும்." இதை அவரிடம் சொல்ல மாட்டானாம், சொன்னால் அவர் என்னைக் கீழே தூக்கி எறிந்துவிடுவாராம்.

"எங்க மலையில எல்லாரும் இப்படித்தான் தம்பி."

"நாட்டிலெ சீலம் நாட்டில் வெச்சிட்டு வரணம், சாரே." ஊர்ப் பழக்கத்தை ஊரிலேயே வைத்துவிட்டு வர வேண்டும் என்கிறான், என் பையன் வயசுக்காரன்.

லாரிக்காரர் என் தொழிலைக் கேட்டார். மாஸ்டர் என்றேன். அவர் கசப்பாகச் சிரித்து ஏதோ சொன்னார். மெக்கானிக் அதை மொழிபெயர்க்கத் தயங்கினான். நான் வற்புறுத்தினேன். என்னிடம் படித்த பிள்ளைகளில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று அவர் கேட்கிறாராம்.

அடிக்கக் கையை ஓங்கினார். என் நரைத்த தலையைப் பார்த்துக் கையை இறக்கினார். பிறகு என் முழங்கையைப் பிடித்து அந்தக் கடைசி வளைவுக்கு நடத்திக் கூட்டிப் போனார். கல்லைக் கண்டு ஸ்டியரிங்கை ஒடித்த லாரியின் சக்கரத் தடம் ஈர மண்ணில் பதிந்திருந்தது. தடத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஒரு சாண் இருந்தது. அவர் குனிந்து, தன் கையை விரித்து, அந்தச் சாணை அளந்து காட்டினார். முப்பது வருஷம் உதாரணம் காட்டிப் பாடம் நடத்தியவனுக்கு அப்படி ஒரு உதாரணம் யாரும் காட்டியதில்லை.

அங்கே நின்றுகொண்டுதான் உன் குரல் கேட்டது.

ஒரு கோடை லீவில் நீ எனக்கு ஜீப் ஓட்டச் சொல்லிக்கொடுத்தாய். ஆனைக்கரையில் தொடங்கி, தண்ணி வளைவு வழியாக, உடும்பஞ்சோலை வரைக்கும் பத்து நாள். ஏற்றத்தில் கிளம்பியதும் நான் திரும்பிப் பார்த்து, "முத்து, கல்லு ரோட்டுலயே கெடக்குதே" என்றேன்.

"கெடக்குட்டுங்ண்ணா. நிறுத்துனீங்கன்னா மறுக்காப் பின்னால உருளும். பொறகால வர்றவன் பாத்துக்குவான்."

முதல் நாள் கேட்டேன். இரண்டாம் நாள் கேட்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து எனக்கும் அது கண்ணில் படவில்லை. ஒரு தப்பைக் கற்றுக்கொள்ள எனக்கு மூன்று நாள்தான் ஆயிற்று. இது என் பராதிகளை எழுதும்போது ஏன் ஞாபகம் வரவில்லை? "ஞாபகம் இல்ல" என்று சொன்ன ஒருவனின் சோற்றில் மண்ணைப் போட்டேனே, என் ஞாபகம் எங்கே போயிருந்தது?

உன் மேல் வந்த கோபத்தில் திரும்பி வரும் வழியெல்லாம் உன்னோடு பேசவே இல்லை. போகும்போது பேசிக்கொண்டே போனேன், தெரியுமா?

ஊர் வந்ததும் ராசாமணியிடம் போனேன். மரியதாஸின் லைசென்ஸ் விஷயம் மறுபடி விசாரணைக்கு வந்திருக்கிறது, இந்தத் தடவை பராதியைத் திரும்பப் பெறப் போகிறேன் என்றேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ரெண்டு வருசமா நீங்கதானுங் மாமா சொன்னீங்க, அந்தாளு கொலகாரன்னு. நானும் நம்பிக்கிட்டிருக்கேன். இப்ப மலையைப் பாத்துட்டு வந்து வேற சொல்றீங்க. நாளைக்குக் கடலப் பாத்துட்டு வந்து என்ன சொல்லுவீங்களோ?"

"முத்துவும் கல்லை எடுக்க மாட்டான், ராசாமணி. நானும் எடுக்கல."

"செத்தவரு மேல சொல்றீங்களா?" என்றாள். முறத்தை எடுத்து மறுபடி புடைக்க ஆரம்பித்தாள். அப்புறம், "உங்க பராதி, நீங்க எடுங்க. ஆனா அந்தாளு என்ற ஊட்டு வாசல்ல வந்து நிக்கப்படாது" என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

உன் ஜீப்பிலேயே உடும்பஞ்சோலைக்குப் போனேன். மரியதாஸ் ஸ்டோர் வாசலில் மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு நின்றான். தோளில் சணல் நார் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் முகம் கல்லாயிற்று. நான் வாத்தியார் புத்தியில் விளக்கமாக ஆரம்பித்தேன்: கணவாய், லாரி, சாண் அளவு எல்லாம். அவன் பாதியில் நிறுத்தினான்.

"ஏன் சாரே, இமயமலைக்குப் போனாத்தான் ஒங்களுக்குப் புத்தி வருமாக்கும்? இங்கன நின்னு பாத்தாத் தெரியாதாக்கும்?"

"தெரிஞ்சிருக்கணும். தெரியல. பராதியை வாபஸ் வாங்கறேன், எழுதிக் கொண்டாந்திருக்கேன்."

"அதுக்கு நான் ஒங்க கால்ல விழணுமா?"

"வேண்டாம்."

"விழவும் மாட்டேன். எம் பொஞ்சாதி மூணு தடவ கோயில்ல முட்டிபோட்டு நின்னா, ஒவ்வொரு தடவையும் ஒங்க கடுதாசி முன்னால போயி நின்னுச்சு." மூச்சு வாங்கினான். "ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. அன்னைக்கு எல்லாரும் எங்கிட்ட கேட்டாங்க, கல்ல எடுத்தியா, எடுத்தியான்னு. எங்க இருந்து எடுத்து வெச்சேன்னு ஒருத்தர் கேக்கல."

"எங்க இருந்து?"

"ரோட்டுலருந்துதான். அந்த வளைவுக்கு அந்தக் கல்லுதான் சாரே. எந்த வண்டி நின்னாலும் அதத்தான் வைப்போம், அங்கனயே விட்டுட்டுப் போவோம், அடுத்தவன் வந்து வைப்பான். ஒங்க தம்பியும் தெனம் அதத்தான் வெச்சாரு."

ஜீப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"இதை அன்னைக்கே ஏன் சொல்லல?"

"செத்த மனுசன் மேல பழி போடச் சொல்லுதீகளா? ஒங்க தம்பி பொஞ்சாதி முன்னால நின்னுக்கிட்டு இருந்தா. அவ மொகத்தப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்ல?" அடுத்த மூட்டையைத் தோளுக்கு ஏற்றினான். "போங்க. ஒங்க காயிதத்த ஆபீஸ்ல குடுங்க, எங்கிட்ட நீட்டாதீக. இனி நம்ம ரெண்டு பேருக்கும் பேச்சு கெடையாது."

அவன் சொன்னது நியாயம்.

முத்து, நீ ஒவ்வொரு நாளும் விட்டுப்போன கல்லில்தான் நீ விழுந்தாயா? இல்லை, அந்தப் பத்து நாளில் ஒரு நாள் நான் விட்டுப்போன கல்லிலா? மரியதாஸுக்கும் உனக்கும் எனக்கும் நடுவில் கைமாறிக்கொண்டே இருந்த கல்லை யாருடையது என்று சொல்வது? நான் அதற்கு ஒருவனின் பெயரை மட்டும் எழுதினேன். நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

திங்கட்கிழமை லைசென்ஸ் ஆபீஸுக்குப் போய் வாபஸ் கடிதத்தில் கையொப்பம் போட்டுக் கொடுத்துவிட்டேன். தண்ணி வளைவில் எல்லா வண்டிக்கும் பொதுவான கல்லை அவனுடையது மட்டும் என்று நான் சொன்னது தவறு, என் தம்பியும் நானும் அப்படியே ஓட்டினோம் என்று அதில் சேர்த்து எழுதினேன். எழுத்தர் படித்துவிட்டு, "இது சார் தன்னெ எழுதியதாணோ?" என்று இரண்டு தடவை கேட்டார். நான்தான் என்றேன். லைசென்ஸ் கிடைக்கும்போல் இருக்கிறது. கிடைத்த பிறகு அவன் கல்லை எடுப்பானா என்று எனக்குத் தெரியாது. அவனிடம் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

அங்கிருந்து ஆறு மைல், தண்ணி வளைவில் நிறுத்தினேன். ஒரு கல் கிடந்தது. அதே கல்லா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பக்கம் டயர் ரப்பர் தேய்ந்து கறுத்திருந்தது. புரட்டிப் பள்ளத்தில் தள்ளினேன். மறு வாரம் போனேன். வேறு ஒன்று கிடந்தது. அதையும் தள்ளினேன். மூன்று ஜீப் டிரைவர்கள் நிறுத்தி என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "கல்ல எல்லாம் தள்ளிட்டா நாங்க எதை வைக்கது, வாத்தியாரே? ஒம்ம தலையையா?" என்றான் ஒருவன். உன் கூட்டாளியாம். உன் குரலேதான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உன் ஜீப்பின் கைப்பிரேக்கை இந்த மாதம் சரிசெய்கிறேன். உடம்பில் தெம்பு இருக்கும்வரை வாரம் ஒரு நாள் அந்த வளைவுக்குப் போவேன், என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வேன். உன் மேல் உள்ள கோபம் போய்விடும் என்று மட்டும் வாக்குக் கொடுக்க மாட்டேன். நீ இல்லாத வீட்டில் அந்தக் கோபம் ஒன்றுதான் எனக்கு உன் துணையாக இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களில் மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த தடவை ஏற்றத்தில் கல் வைத்து நிறுத்திக் கிளம்பினால், முதல் சமதளத்தில் வண்டியை ஓரம் கட்டுங்கள். நடந்து திரும்பிப் போய், அந்தக் கல்லைத் தூக்கி ரோட்டுக்கு வெளியே வைத்துவிட்டு வாருங்கள்.

உன் கூடப்பிறந்த,
மூத்த அண்ணன்